பன்னிரண்டு வாளி மூங்கில்

மீன்பிடிப் போட்டியில் முதலிடம் என்று ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதும் ஹாலிஸ் விம்பர்லிக்குக் கைகால் நடுங்க ஆரம்பித்தது. சந்தோஷத்தினால் அல்ல, பயத்தினால். ஜெயித்தவர்களைப் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் உட்காரவைப்பார்கள் என்பது விதி. வருஷா வருஷம் அந்த விதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்தான். இருபத்திரண்டு வருஷமும் தோற்றே பழகியதால், அந்த இயந்திரம் தன்னைத் தேடி வரும் என்று அவர் யோசித்ததில்லை.

மீன் பிடிக்கிறவர்களை இயந்திரம் இல்லாமல் நம்பக்கூடாது என்பது அமெரிக்காவின் கெண்டக்கி ஏரியைச் சுற்றி யாரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். எங்கேயோ ஒருத்தன் மீன் வயிற்றுக்குள் ஈயக் குண்டைத் திணித்துக் கொண்டுவந்தான். இன்னொருத்தன் முந்தின வாரமே பிடித்துக் கூண்டில் வளர்த்தான். அதெல்லாம் செய்யாத ஹாலிஸ்தான் இப்போது வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

மேடையில் அவருடைய ஜோடி கார்லண்ட் பிங்க்ஸ்டன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கார்லண்ட், ஹாலிஸின் தங்கை லோரீனின் புருஷன். ஏழு கிராப்பி மீன்கள், பதினான்கு பவுண்டு சொச்சம். உள்ளங்கை கொள்ளாத வெள்ளிப் பலகைகள் மாதிரி ஏழும் தொட்டியில் கிடந்தன.

"தண்ணியப் படிக்கத் தெரியணும்ங்க!" என்று கார்லண்ட் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். "ரெண்டாயிரம் டாலர் டிவிப் பொட்டிய படகுல மாட்டிக்கிட்டா மீன் வந்துராது. இந்த இடத்தை நானே, இந்த ரெண்டு கண்ணால கண்டுபிடிச்சேன்!"

ஹாலிஸ் தன் செருப்பைப் பார்த்தார். நடுக்கத்துக்குக் காரணம் இதுதான். அந்த இடத்தைக் கார்லண்ட் கண்டுபிடிக்கவில்லை. ஹாலிஸ் அதைக் கட்டினார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு ஒரு புது வகை சோனார் வந்தது. தண்ணீருக்குள் முன்பக்கமாகப் பார்த்து, மீன் திரும்புவதைக்கூடத் திரையில் காட்டும். மீசை முளைக்காத பயல்கள் எல்லாம் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, கார்லண்ட் நாற்பது வருஷமாகக் கற்றதை ஒரு மதியத்தில் தாண்டிப் போனார்கள். கார்லண்டிடம் இருந்தது படகுக்கு நேர் கீழே மட்டும் பார்க்கும் பழைய பெட்டி. ஒரு பருவம் முழுக்க வெறும் கையோடு வந்தவர், படகின் மேல் 'விற்பனைக்கு' என்று அட்டை எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

லோரீன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உனக்குப் புண்ணியமாப் போவும், இந்த மனுசனை வெளிய இழுத்துட்டுப் போ. நான் பாத்திரம் கழுவுறத நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறாரு. தட்டை எந்தப் பக்கம் சாய்ச்சு வைக்கணும்னு எனக்கே பாடம் எடுக்குறாரு."

"அவன் மீன் கிடைக்கலேன்னுதானே வரமாட்டேங்குறான்."

"அப்போ மீன் கிடைக்க வையி. அது எனக்குத் தெரியாது."

ஹாலிஸ் பள்ளிக்கூட பஸ் பழுதுபார்க்கிறவர். சொன்னதைச் செய்கிற ஆள். அந்த ஜனவரியில் பஸ் பட்டறையில் காலியான பன்னிரண்டு பெயின்ட் வாளிகளை எடுத்து, வாளிக்கு எட்டு மூங்கில் வீதம் நட்டு, சிமென்ட் ஊற்றி இறுக்கினார். மூங்கில் அவர் வீட்டுக் கொல்லையிலேயே புதராக வளர்ந்திருந்தது. மீன் வந்து ஒதுங்குவதற்காக எல்லாரும் தேவதாரு மரத்தைத்தான் ஏரியில் மூழ்கடிப்பார்கள். அதில் கிளை அதிகம், தூண்டில் முள் மாட்டினால் அறுத்துவிட்டுத்தான் வரவேண்டும். நெட்டுக்குத்தாக நிற்கும் மூங்கிலில் முள் வழுக்கிக்கொண்டு போய்விடும். மீனுக்கு நிழலும் கிடைக்கும், நமக்கு நஷ்டமும் இல்லை. இதெல்லாம் அவருடைய சொந்தக் கணக்கு.

கடனாக ஒரு படகு வாங்கி, பழைய ஆற்றுத் தடம் ஏரிக்கு அடியில் வளைகிற இடத்தில், பதினாறடி ஆழத்தில், நாலு நாள் தனியாகப் போய் வாளிகளை இறக்கினார். ஐந்தாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் தரையில் பலகை போட்டுப் படுத்துக் கிடந்தார். பஸ்ஸுக்கு அடியில் புகுந்தபோது பிடித்தது என்று எல்லாரிடமும் சொன்னார். கார்லண்ட் பார்க்க வந்து, வயசுக்குத் தக்கபடி வேலை செய்ய வேண்டாமா என்று அரை மணி நேரம் திட்டிவிட்டுப் போனார்.

டாக்வுட் மரம் மொட்டு வெடிக்கிற மார்ச் கடைசியில், கெஞ்சிக் கூத்தாடிக் கார்லண்டைப் படகில் ஏற்றினார். படகை ஓட்டுவது கார்லண்ட். இப்படிப் போ, அப்படித் திருப்பு என்றால் சந்தேகம் வரும். ஆகவே சரியான இடம் வந்ததும் ஹாலிஸ் தன் தொப்பியைத் தண்ணீரில் விட்டார். காற்றில் பறந்துவிட்டது என்றார். கார்லண்ட் வட்டமடித்துத் தொப்பியை எடுத்துக்கொடுத்தார், பெட்டியைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை பறந்தது. மூன்றாம் முறை பறந்தபோதுதான் கார்லண்ட் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மச்சான், அசையாத" என்று கிசுகிசுத்தார்.

அதற்கப்புறம் அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும். பத்தடிக் கோல், மயிரிழை மாதிரி நூல், ஈயத்தலைக்கு வான்கோழி இறகு கட்டிய ஜிக் என்கிற பொய் இரை. அதை நேர் கீழே இறக்கி, மீன் தலைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, அசைக்காமல் வைத்திருப்பார். கிராப்பி மேலே பார்த்துத்தான் சாப்பிடும், கீழே போனதைத் தேடாது. கடித்தால் வெட்டி இழுக்கக்கூடாது. அதன் வாய் அப்பளம், கிழிந்துவிடும். சும்மா தூக்க வேண்டும். அந்தக் கை நடுங்காமல் தூக்கியதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது ஹாலிஸுக்கு இடுப்பு வலி மறந்துபோனது. மறுநாள் 'விற்பனைக்கு' அட்டையை லோரீன் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டார்.

இரண்டாம் வருஷம் மீன் குறைந்தது. ஹாலிஸ் முகம் தொங்கிப்போய்த் திரிந்தார். பிறகு எப்படியோ மீன் திரும்பி வந்தது. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. ஹாலிஸின் ஜிக்குகள் அடியில் மாட்டிக்கொண்டு அறுந்தன. ராத்திரி ராத்திரியாக அவர் கையாலேயே கட்டிய ஜிக்குகள், இதுவரை நாற்பத்து மூன்று. மூங்கிலில் முள் மாட்டாதே என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அங்கே மூங்கில் இருப்பதே தெரியாத மாதிரி அல்லவா அவர் நடிக்க வேண்டும்.

இப்போது அந்த இடம் போட்டியையே ஜெயித்துக் கொடுத்துவிட்டது. ஏரிக்கரையில் இரை விற்கும் கடைச் சுவரில் வருஷா வருஷம் ஜெயித்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவார்கள். அதில் தன் பெயர் வரவேண்டும் என்பது கார்லண்டுக்கு உயிர். இயந்திரத்தில் உண்மை வெளிவந்தால் அவர் பலகையையும் விட்டுவிடுவார், படகையும் விட்டுவிடுவார். திரும்பப் போய் லோரீன் பாத்திரம் கழுவுவதைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். ஹாலிஸுக்குத் தாங்க முடியாதது அதுதான்.

சோதனை, படகுத்துறைக்குப் பக்கத்துத் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி அறையில். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் ஹாலிஸை உட்காரவைத்து, மார்பில் ரப்பர் குழாயும் விரலில் கிளிப்பும் மாட்டினார் டாய்ல். ஷெரீஃப் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரில் நோவாவின் பேழையிலிருந்து ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்த்தது.

"கேள்வி எல்லாத்தையும் முதல்லயே வாசிச்சிருவேன்," என்றார் டாய்ல். "மூணாவது கேள்வி. மீன் இருக்குற இடத்தை வெளியாளு யாராவது காட்டினாங்களா?"

"வெளியாளுன்னா?"

"உன்னையும் கார்லண்டையும் தவிர."

"ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சு, இன்னொருத்தனுக்குத் தெரியலேன்னா?"

டாய்ல் பேனாவைக் கீழே வைத்தார். "ஹாலிஸ், எனக்குச் சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு."

ஹாலிஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாளி, சிமென்ட், தொப்பி, இடுப்பு, ஒன்றும் பாக்கியில்லை. டாய்ல் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டார்.

"இதுல விதி எதையும் நீ மீறலையேப்பா."

"மீறல. அவன்கிட்ட சொல்லிருவீங்களா சார்?"

"நான் மெஷின் வச்சிருக்கேன். ஒலிபெருக்கி வைக்கல. மூச்சை ஒழுங்கா விடு."

ஹாலிஸ் தேறிவிட்டார். வெளியே வந்து லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தார். கார்லண்ட் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி உள்ளே போனார்.

பத்து நிமிஷத்தில் முடிகிற சமாச்சாரம். அரை மணி ஆயிற்று. லோரீன் இறைச்சி வைத்த ரொட்டியை அண்ணன் கையில் திணித்தாள்.

"பலகைய எந்த ஆணியில மாட்டணும்னு வரும்போதே சொல்லிட்டு வந்தாரு," என்றாள். "ஏண்ணே, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"பசி," என்றார் ஹாலிஸ், கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு.

முக்கால் மணி கழித்துக் கதவு திறந்தது. கார்லண்ட் காலர் கலைந்து வந்தார். பின்னால் வந்த டாய்ல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்து கூச்சல் கேட்டது. இரண்டாவதாக வந்த டிவிப் பெட்டிப் பயல்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"தோத்துட்டேன் மச்சான்," என்றார் கார்லண்ட். "நாலாவது கேள்வி. போட்டிக்கு முந்தின அஞ்சு நாள் ஏரியில படகு இறக்குனியான்னு. இல்லைன்னேன். அந்த எழவெடுத்த மெஷின் முள்ளு கூரையத் தொட்டுருச்சு."

ஹாலிஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இறக்குனியா? தடை இருக்குறது தெரிஞ்சுமா?"

"புதன்கிழமை."

"எதுக்குய்யா? இருபத்திரண்டு வருஷமாச்சேய்யா! எதுக்கு?"

கார்லண்ட் லாரிச் சக்கரத்தைப் பார்த்தார். "மரம் போட."

"எங்க?"

லோரீன் ரொட்டி சுற்றிய காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம இடத்துலதான்," என்றார் கார்லண்ட் கடைசியில். "உன் இடத்துல. போன வருசம் மீன் வராம நீ சோறு தண்ணியில்லாம அலைஞ்சியே, அதைப் பாக்க முடியல. அப்பத்துலேருந்து வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் முடிஞ்சு தூக்கிப்போட்ட தேவதாரு மரத்தை எல்லாம் பொறுக்கிட்டுப் போய் இறக்கிக்கிட்டிருக்கேன். ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதையும் போட்டுட்டா உறுதியா ஜெயிச்சுருவோம்னு…"

"என் இடம்னா?"

"மச்சான், காத்தே இல்லாத நாள்ல உன் தொப்பி மூணு தடவை பறந்துச்சு. தடவைக்குத் தடவை அதே இடத்துல. அடுத்த வாரம் என் முள்ளுல ஒரு துண்டு மூங்கில் வந்துச்சு. இந்த ஜில்லாவுலேயே மூங்கில் உன் கொல்லையில மட்டும்தான் இருக்கு. அப்புறம் நீ பதினொரு நாள் பலகையில கிடந்தத நெனச்சுப் பார்த்தேன். சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நானே கண்டுபிடிச்சதாத் தம்பட்டம் அடிச்சுக்கிட்டேன். எனக்கு மட்டும் வெக்கமா இல்லியா?"

வந்தது அழுகையா, கோபமா என்று ஹாலிஸுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இந்த மனிதன் மேல் தனக்கு இவ்வளவு பிரியம் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால், தெரிந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தார்.

"மாப்ள. புதன்கிழமை போட்ட மரம் சனிக்கிழமை மீனக் கூப்புடுமா? அதுல பாசி ஏறணும், பாசியத் தின்ன பூச்சி வரணும், பூச்சியத் தின்ன பொடிமீன் வரணும். மாசக்கணக்காகும்."

"தெரியும்."

"அப்போ அந்த ஒரு மரத்தால ஒரு மீனும் வரல. போட்டி மட்டும் போச்சு."

"தெரியும்னேன்ல."

"அதோட, என் நாப்பத்து மூணு ஜிக்கும் உன் மரத்துலதான் தொங்குது."

"உனக்கு நாப்பத்து மூணு. எனக்கு அறுபது போச்சு. நான் வாயத் தொறந்தேனா?"

அங்கே மேடையில் பயல்களின் பெயரை வாசித்தார்கள். கை தட்டினார்கள். கார்லண்ட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லோரீன் புருஷன் முகத்தையே பார்த்தாள். அவளுடைய கவலை ஹாலிஸுக்குத் தெரியும். படகு என்னவாகும் என்பதுதான். அவருடைய கவலையும் அதுதான்.

ஹாலிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினார்.

"வர்ற சனிக்கிழமை கொக்கியும் கயிறும் எடுத்துட்டு வரேன்," என்றார். "உன் குப்பைய எல்லாம் புடுங்கிப் போட்டாத்தான் அங்க நிம்மதியா ஜிக்கு இறக்க முடியும். படகு வேணும்."

கார்லண்ட் ரொட்டியை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் மென்றார். ஹாலிஸ் மூச்சை ஒழுங்காக விடப் பார்த்தார், முடியவில்லை.

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துரு," என்றார் கார்லண்ட். பிறகு, பல வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைக்கிறவர் மாதிரி ஹாலிஸின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். "மச்சான், உன் நாலாவது வாளி முதல் நாள்லேருந்தே சாஞ்சு கிடக்கு. மூணு வருசமா சொல்ல முடியாம செத்துக்கிட்டிருந்தேன்."