தஸ்லீம் கேட்காத வேகம்

1

“அத்த எடுத்துட்டா ஸ்பீடு பிச்சிக்கினு போவும்.”

“வேணாம் மச்சான்.”

“எதிர் ஊட்டுக்காரனா உள்ள பூந்து பாக்கப் போறான்?”

“வேணாம்னா உடுங்களேன்.”

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இது. எடுப்பதா வேண்டாமா என்ற சண்டை, வீட்டுக் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குப் போட்டிருக்கும் செக்யூரிட்டி பேட்ச் பற்றியது. பருத்திப்பட்டில் இறங்கிவிட்டார்கள். இனி வருவது முழுக்க என் கற்பனை.

நான் குடும்பக் கதை எழுதுகிறவள். கல்யாணம், கோபம், சமாதானம், இதுதான் என் சரக்கு. பிராசசர் என் எந்தக் கதைக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க உட்கார முடியவில்லை.

பிராசசர் உத்தரவு வரும்வரை காத்திருக்காதாம். அடுத்து இதைத்தான் கேட்பார்கள் என்று ஊகித்து, முன்கூட்டியே செய்து வைத்துவிடுமாம். ஊகம் தப்பினால் செய்ததைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் எறிந்ததன் தடம் உள்ளே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தடத்தை வைத்து ஒரு திருட்டு நிரல் நம் ரகசியத்தைப் படித்துவிடலாம். பேட்ச் என்பது இந்த முந்திரிக்கொட்டைத்தனத்துக்குப் போட்ட கடிவாளம். கடிவாளம் போட்டால் வேகம் குறைகிறது என்று சிலர் வீட்டில் அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

கேட்பதற்கு முன்பே செய்துவிடுவது. எனக்குத் தெரிந்த கணவர்களில் பாதிப் பேர் இப்படித்தானே? அடுப்பில் வைத்த பாலை மறந்து எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: “தஸ்லீமின் கயல்விழிகள்…” (வேண்டாம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து அந்த விழிகள் சிவந்திருக்கின்றன.)

இரண்டாவது: “மழை பிடித்துக்கொண்ட மாலையில் மஸூத் குடையை விரித்து…” (மழை எதற்கு? கதை வீட்டுக்குள் நடக்கிறது.)

மூன்றாவது நிற்கும் போலிருக்கிறது:

பூந்தமல்லியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் மஸூத். அதையெல்லாம் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்குவது அவன் மனைவி தஸ்லீம். பெண்கள் கூடத்தில் பெண்களே எடுத்துத் தருவதை அவள் ஒருத்திதான் பார்ப்பாள். அந்த நம்பிக்கையில்தான் பல குடும்பங்கள் இவர்களைத் தேடி வருகின்றன.

மஸூத் நல்லவன். (இந்த வாக்கியத்தை மூன்று முறை அழித்தேன். ஆனாலும் உண்மை.) அவள் கழுத்தைத் தேய்த்துவிட்டால் மறுநாள் புது நாற்காலி வரும். கொட்டாவி விட்டால் டீ வரும். என்ன வேண்டும் என்று அவன் கேட்டதே இல்லை, கேட்கும் வேலையை அவளுக்கு வைத்ததும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் அவன் ஊகத்தில் சிக்கவில்லை. ஒவ்வொரு படமும் ‘மஸூத் வீடியோஸ்’ என்று முடியும். அங்கே தன் பெயரும் வரவேண்டும் என்று கல்யாணமான புதிதில் செய்த முதல் படத்திலிருந்தே தஸ்லீமுக்கு ஆசை. சொல்லவில்லை. இத்தனை ஊகிக்கிறவன் இதை ஊகிக்கமாட்டானா? கேட்டு வாங்கினால் அதில் ருசி இருக்காது என்று நினைத்தாள்.

(வாசகியே, சிரிக்காதீர்கள். நீங்களும் இப்படி எதையாவது வைத்திருப்பீர்கள்.)

3

இனி வேகம். காலையில் மர்வா என்ற பெண்ணுக்கு நிக்காஹ். மாலை வலிமா விருந்தில், பெண்கள் கூடத்தில், அந்தக் காலையின் படம் திரையில் ஓடவேண்டும். மர்வாவின் அம்மா அஷ்ரஃபுன்னிசா மெமரி கார்டைத் தஸ்லீமின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“புள்ளைங்க ஆடினது பாடினது எல்லாம் இதுல கீதும்மா. உன்ன நம்பித்தான் குடுக்குறேன்.”

கம்ப்யூட்டரோ பழசு. ஒவ்வொரு துண்டையும் மென்று மென்று விழுங்கியது. மஸூத் அறை வாசலில் நின்றான்.

“இன்னா தஸ்லீம், தூங்குதா அது? பேட்ச எடுத்துடட்டா?”

“வேணாம். பொம்பளைங்க படம் கீது.”

“நீ டென்ஷனாவுறியேன்னு பாத்தேன்.”

“ஆவுறேன். ஆனாலும் வேணாம்.”

அவள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போனாள். தொழுதுவிட்டு வந்தபோது கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருந்தது. மஸூத் பரீட்சையில் தேறிய பையனைப் போல நின்றான்.

“எடுத்துட்டேன். படத்த ஒண்ணும் பாக்கல, சத்தியமா. ஓட்டிப் பாரேன், பறக்கும்.”

(பறக்குமா? இந்த வேலைக்கு வித்தியாசம் சொற்பம்தான் என்கிறார்கள் தெரிந்தவர்கள். மஸூத்துக்காக ஒரு கைப்பிடி வேகம் சேர்த்துக் கொடுக்கிறேன். அதற்கு மேல் மனசு வரவில்லை.)

தஸ்லீம் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். அவன் மாற்றியதைத் திருப்பி மாற்றினாள்.

“ஐயோ, இப்ப போயி ரீஸ்டார்ட்டா? டைமு இல்ல.”

“டைமு இல்லன்னு எனக்குத் தெரியாதா?”

4

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

படங்கள் திருடுபோய் ஊரே பேசுவது ஒன்று. நாலு வரி எழுதி அழித்தேன். மஸூத்தின் அவசரத்துக்கு மர்வாவைத் தண்டிக்க என்னால் ஆகாது.

கூடமே கைதட்ட, மஸூத் கண்கலங்கி, “இத்தனை நாளும் உன்னை…” (அவன் இப்படிப் பேசமாட்டான். என் பழைய கதைகளில் வரும் ஆள் பேசுவான்.)

மூன்றாவதில் மஸூத் தானாகவே ஊகித்து, படத்தின் கடைசியில் அவள் பெயரைப் போட்டுவிடுகிறான். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழுதிப் படித்துப் பார்த்தேன். அதில் தஸ்லீம் வாயே திறக்கவில்லை. அழித்தேன்.

படம் நேரத்துக்குப் போய்ச் சேரும், அதற்கு நான் பொறுப்பு. திரை மறுபடி எழுந்துகொண்டிருக்கும் இந்தக் கொஞ்ச நேரம்தான் இவர்களுக்கு.

“கோவமா?” என்றான் மஸூத். “ஜில்லுனு எதனா வாங்கியாரட்டா? புது மிஷினே போட்டுடலாமா?”

“பாத்தீங்களா, மறுபடியும். வேணாம்னு வாயால சொன்னேன் மச்சான். அது காதுல ஏறல. என் மனசுல கீறத நீங்களே எழுதிக்கினு, நீங்களே படிச்சிக்கிறீங்க.”

அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“சரி. எனக்குத் தெரில. நீயே சொல்லு, இன்னா வேணும்?”

இந்தக் கேள்வியை அவன் வாயில் வைக்க எனக்கு இவ்வளவு தூரம் ஆனது. அவள் இப்போது பேசப்போகிறாள். அதற்கு அவன் என்ன சொல்வான் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு.

தஸ்லீம் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள், விட்டாள்.

“கடைசில என் பேரும் வரணும் மச்சான். கீழ சின்னதா இல்ல. உங்க பேருக்குப் பக்கத்துல, அதே அளவுல.”