கீற்றுக்குள் மூன்று சாயங்காலம்

சகாயசெல்வி உப்பள வரப்பில் குந்தி அந்தக் காலடித் தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தாள். நான்கு சின்னக் குழிகள், பின்னால் ஒரு பெரிய குழி. நகம் பதியவில்லை. நாயோ நரியோ என்றால் நகம் பதிந்திருக்கும். இது காட்டுப்பூனை. குழியின் ஓரத்தில் மட்டும் உப்பு நூல் போல வெள்ளையாகப் பூத்திருந்தது. மத்தியானம் நடந்திருந்தால் குழி முழுக்க வெளுத்திருக்கும். ராத்திரி நடந்திருந்தால் கருப்பாக, ஈரமாகவே இருக்கும். பத்தொன்பது வருஷம் மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு வாரியவள். அந்த வெள்ளை நூலைப் பார்த்து நேரம் சொல்ல அவளுக்குத் தெரியும். நேற்று வெயில் இறங்கும்போது அது இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஊரே சொன்னதுபோல சவுக்குத்தோப்பிலிருந்து வரவில்லை, உப்பளத்துப் பக்கமிருந்து வந்திருக்கிறது.

போன வருஷம் பாதம் வெடித்துப் புண்ணாகி, இனிமேல் உப்புத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் வான்கோழி வளர்க்க ஆரம்பித்தாள். ஈஸ்டருக்கு விற்கலாம் என்று இருபத்துநாலு குஞ்சு வாங்கி விட்டாள். ஒன்றும் சாகாமல் வளர்ந்தன. மாசி பிறந்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. இப்போது பதிமூன்று இருந்தன. பட்டியின் பின்பக்கம் இறகும் ரத்தமும் கிடப்பதைக் காலையில் பார்க்கும்போதெல்லாம், தன்னால் இனி எதையும் காப்பாற்ற முடியாது என்று யாரோ அங்கே எழுதிவைத்துப் போனதுபோல இருக்கும்.

பக்கத்துக் கொல்லைக்காரர் பலராமனுக்கும் இரண்டு ஆட்டுக்குட்டி போயிருந்தது.

"இந்த ஞாயித்துக்கெழமை கோழிக்கொடல்ல மருந்து வச்சி வீசிடப் போறேன். நரியோ பூனையோ, தின்னுட்டு சாவட்டும்" என்றார்.

"அத என் வான்கோழி தின்னா இன்னாணா பண்றது? தெரு நாய் தின்னா?"

"அதுக்குன்னு சும்மா இருக்க சொல்றியா?"

செல்வி வனத்துறையில் சொல்லி வைத்திருந்ததில் ஜெயப்ரியா என்ற வனக்காப்பாளர் கூண்டு கொண்டுவந்து வைத்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். மிதித்தால் தானாகக் கதவு விழும் கூண்டு அது. நாலு நாளில் இரண்டு நாயும் ஒரு கீரியும் மாட்டின. பூனை கூண்டைச் சுற்றி நடந்த தடம் மட்டும் இருந்தது.

"தானா மூடுற கதவு வேணாம் மேடம்" என்றாள் செல்வி. "கயிறு கட்டிக் குடுங்க. நான் மறைவா உக்காந்துக்கினு இழுக்கறேன்."

"அது எப்ப வரும்னு தெரியாதுக்கா. அசையாம, பேசாம இருக்கணும். ஞாயித்துக்கெழமை இந்தக் கூண்டு வேற ஊருக்குப் போவணும்."

செல்வியின் புருஷன் சவரிநாதன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவளா? பேசாமயா? மேடம், இவ பூசையிலயே பக்கத்துல உக்காந்தவள பேச வச்சிடுவா."

செல்வி வியாழக்கிழமை மத்தியானம் தென்னங்கீற்றைச் சுமந்துகொண்டு தடம் இருந்த வரப்புக்குப் போனாள். உப்புக் குவியலை மூடுவதுபோலவே கூம்பாகக் கீற்றுப் போட்டு, உள்ளே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். அந்தப் பூனை பிறந்ததிலிருந்து கீற்று மூடிய உப்பைத்தான் பார்த்து வருகிறது, இன்னொன்று கூடினால் அதற்குத் தெரியப்போவதில்லை. முப்பது அடி தள்ளிக் கூண்டு. அதன் பின்பக்கத் தடுப்புக்குள் ஒரு கோழி. கதவைத் தூக்கிப் பிடித்திருந்த முளையில் கட்டிய நைலான் கயிறு மண்ணுக்கடியில் ஓடி அவள் கைக்கு வந்தது.

முதல் நாள் கீரிதான் வந்தது. உள்ளே போய் முகர்ந்து, தடுப்பைப் பிராண்டிவிட்டுப் போயிற்று. அவள் இழுக்கவில்லை. வியர்வை முதுகில் ஓடியது, கொசு காதில் பாடியது. பேச ஆளில்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் பாத்தியில் உப்பு இறுகும்போது எழும் மெல்லிய நொறுங்கல் சத்தம் அவளுக்குக் கேட்டது. வாய்க்கால் நண்டுகள் வளைக்குள் இறங்குவது கேட்டது. பத்தொன்பது வருஷம் இங்கேயே இருந்தும் இதையெல்லாம் அவள் கேட்டதில்லை. இருபது பெண்கள் வரிசையாகச் சட்டி சுமந்து நடக்கும்போது முன்னால் போகிறவளுக்கும் பின்னால் வருகிறவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே போனது அவள்தான்.

இரண்டாம் நாள் அது வந்தது.

வாய்க்கால் சரிவிலிருந்து ஒரு தலை எழுந்தது. காது நுனியில் கறுப்பு மயிர். மண் நிற உடம்பு, வீட்டுப் பூனைக்கு இல்லாத நீளக் கால்கள், கறுப்பு வளையம் போட்ட குட்டை வால். அதன் அழகை அவள் எதிர்பார்க்கவில்லை. என் பதினொரு வான்கோழியைத் தின்ற திருட்டுப் பூனை, இத்தனை அழகாகவா இருப்பாய் என்று மனசுக்குள் திட்டினாள். அது கூண்டு வாசலில் உட்கார்ந்து, கையை நக்கி, தலையை உள்ளே விட்டது. தோள் போயிற்று. பாதி உடம்பு போயிற்று. அவள் விரல் கயிற்றில் இறுகியது. இப்போது இழுத்தால் கதவு முதுகெலும்பில் விழும். இன்னும் ஒரு அடி, ஒரே ஒரு அடி போ. அது பின்வாங்கி, திரும்பி, அவசரமில்லாமல் சரிவில் இறங்கிவிட்டது.

"கைக்கு வந்தத விட்டுட்டியே!" என்றான் சவரிநாதன்.

"ஒடச்சிப் போடறதுக்கு நான் உக்காரல. புடிக்கறதுக்கு உக்காந்திருக்கேன்."

சனிக்கிழமை. மறுநாள் கூண்டு போய்விடும், பலராமன் மருந்து வீசிவிடுவார். செல்வி நாலு மணிக்கே கீற்றுக்குள் போய்விட்டாள். ஐந்தரைக்குத் தொடையில் கட்டெறும்பு கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஊரவிட்டாள். வெயில் பாத்திகளின் மேல் செம்பு நிறமாகச் சாய்ந்தபோது தலை எழுந்தது. அதே நேரம் தூரத்தில் பைக் சத்தம் கேட்டது. கீற்று இடுக்கில் பார்த்தாள், பலராமன் கரையோரமாக ஓட்டி வந்துகொண்டிருந்தார். பூனை உறைந்து நின்றது. கத்தினால் பூனை போய்விடும், கத்தாவிட்டால் அவர் நேராக இங்கேயே வந்துவிடுவார். கையில் கயிறு ஈரமானது. மாதாவே, அந்த மனுஷனை அங்கேயே நிறுத்து.

வழியிலிருந்த மோட்டார் கொட்டகைகிட்டே வண்டி நின்றது. சத்தம் அடங்கிற்று. பூனையின் காது திரும்பியது, பிறகு முன்னால் வந்தது. கோழி லேசாகக் கொக்கரித்தது. தலை, தோள், இடுப்பு. பின்னங்கால் ஒன்று. அடுத்தது. கறுப்பு வளையம் போட்ட வால் கடைசியாக உள்ளே இழுபட்டது.

அவள் இழுத்தாள்.

கதவு விழுந்த சத்தத்தில் நாரைகள் கலைந்து பறந்தன. கீற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வெடித்த பாதத்தை மறந்து ஓடினாள். கூண்டுக்குள் அது சீறியது, அறைந்தது, சுழன்றது. முழுசாக இருந்தது, ஒரு மயிர் கூடக் கலையவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே கூச்சலாக வந்தது.

"புடிச்சிட்டேன்! ஏம்பா, ஓடியாங்க! நான் புடிச்சிட்டேன்!"

கொட்டகையிலிருந்து பலராமன் ஓடி வந்தார். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் நரின்னு இல்லம்மா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"அந்த மருந்த மொதல்ல குழி தோண்டிப் பொதைங்கணா."

"பொதைக்கறேன், பொதைக்கறேன். நீ எப்படிம்மா இந்த வேக்காட்டுல மூணு நாளு உக்காந்த?"

அதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. சவரிநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூண்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். கட்டெறும்பு கடித்து வீங்கிய தொடையைத் தேய்த்துக்கொண்டு அவள் நடுவில் நின்றிருந்தாள். "எம் பொண்டாட்டி" என்று யாரிடமோ சொன்னான். சொல்லத் தேவையில்லாத ஆளிடம்.

விடிந்ததும் ஜெயப்ரியா வந்து, காயம் இல்லை என்று பார்த்துவிட்டு, கழுவெளி ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்றாள். சவரிநாதனின் குட்டியானையிலேயே கூண்டை ஏற்றினார்கள். முன்னால் உட்காரச் சொன்னதைக் கேட்காமல் செல்வி பின்னால் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் அது அவளையே பார்த்துக்கொண்டு வந்தது. அவளும் பார்வையை எடுக்கவில்லை.

கோரை தொடங்கும் இடத்தில் கூண்டை இறக்கினார்கள்.

"திரும்பி வந்துடுமா மேடம்?" என்றான் சவரிநாதன்.

"வரலாம்ணா. சொல்ல முடியாது."

"வரட்டும்" என்றாள் செல்வி.

கதவு உயர்ந்தது. பூனை பாயவில்லை. ஒரு அடி வெளியே வைத்து, முன்னங்காலில் ஒட்டிய சேற்றை உதறியது. பிறகு கோரைக்குள் நுழைந்தது, அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் பத்து வெள்ளைப் பறவைகள் எழுந்து அமர்ந்தன. அதற்கு அப்பால் இன்னொரு கூட்டம் எழுந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று. ஏரியின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று எழுவதும் அடங்குவதுமாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. செல்வி வண்டியின் பின்பலகை மேல் ஏறி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அது போகிற வழியைப் பார்த்தாள்.