ஜப்பான் தோட்டத்தில் சம்பந்திகள்

பி.டி. டீச்சருக்கு ஆண்டவன் கொடுத்த குரல் மைதானத்துக்கு அளவெடுத்துக் கொடுத்த குரல். இந்தக் கோடியில் நின்று "லைன்ல நில்லு!" என்றால் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைகள் மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே சைக்கிளில் போகிறவனும் இறங்கி நின்று சட்டையைச் சரிசெய்துகொள்வான். இத்தனை வருஷ சர்வீஸில் அவள் விசில் என்று ஒன்றை வாங்கியதே இல்லை.

அந்தக் குரல் தம்பி வீட்டில்தான் செல்லுபடியாகவில்லை. தவமாய்த் தவமிருந்து தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தது. மூன்று மாதக் குழந்தை. தொட்டிலில் கிடக்கிற மருமகனைப் பார்த்து, "என்னடா என் ராஜா!" என்று அத்தை ஆசையாக வாயைத் திறப்பதுதான் தாமதம், ராஜா கை கால் நான்கையும் உதறிக்கொண்டு வீறிட்டு அழுவான். அழுகிறவனைச் சமாதானம் செய்ய அத்தை இன்னும் கொஞ்சம் பேசுவாள். அவ்வளவுதான், மேல் மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும்.

இரண்டு பக்கத்திலும் பெற்றவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள தம்பியின் அக்கா என்ற முறையில் டீச்சர் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தாள். தம்பி மனைவியின் அக்கா என்ற முறையில் டைலரக்கா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே அறை. கீழே பஸ் நிறுத்தம், எதிரே ஓயாமல் சுவரைத் துளைக்கிற கட்டட வேலை. இதற்கு நடுவில் ஒரே கட்டிலில் இரண்டு சம்பந்திகள். ஓர் உறைக்குள் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இங்கே இருந்தது, ஆனால் விடிய விடிய உரசிக்கொண்டு இருந்தது. ஃபேனை டீச்சர் நாலில் வைப்பாள். அவள் கண்ணயர்ந்ததும் டைலரக்கா எழுந்து இரண்டில் வைப்பாள். இவ்வளவுக்கும் வாய்ச் சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. "நீங்க சொன்னா சரி சம்பந்தி," "உங்களுக்குத் தெரியாததா சம்பந்தி" என்று மரியாதையிலேயே குத்திக்கொண்டார்கள்.

டீச்சருக்குத் தாங்க முடியாதது வேறொன்று. டைலரக்கா தூக்கினால் பிள்ளை சிரித்தது.

ஒரு நாள் துணி காயப்போட்டுவிட்டு வருகையில், சமையலறையில் டைலரக்கா தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "சம்பந்தி தங்கமானவங்கதான்டி. ஆனா அவங்க வாயத் தெறந்தா புள்ள பதறுது. லீவு முடியிற வரைக்கும் கொஞ்சம் தள்ளியே இருக்கச் சொல்லேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் டீச்சர் விட்டிருக்கமாட்டாள், உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று கொடிப் பக்கமே திரும்பிப் போனாள். ஈரத் துணியையே மறுபடி எடுத்து வந்து மடித்து வைத்தாள். அது ஈரம் என்பதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பியும் அவன் மனைவியும் வீட்டில் இருந்தார்கள். "பல்லு வலிக்குது, டாக்டரப் பாத்துட்டு வந்துடறேன்," என்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டு டீச்சர் கிளம்பினாள். டைலரக்கா அவளுக்குக் கொஞ்சம் முன்னால், நூல் வாங்க வேண்டும் என்று போயிருந்தாள்.

டீச்சர் போனது மேம்பாலத்துக்குக் கீழே, பஸ் டிப்போவை ஒட்டி இருந்த ஜப்பான் தோட்டத்துக்கு. பஸ்ஸில் போகும்போது வாசலில் பார்த்த பலகை ஞாபகம் இருந்தது. உதட்டில் விரல் வைத்த படம், அதன் கீழே "அமைதி காக்கவும்." நீச்சல் பழக வேண்டும் என்றால் குளத்துக்குத்தானே போக வேண்டும்? மெதுவாகப் பேசப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

உள்ளே நுழைந்து இரண்டு வளைவு திரும்பியதும் ஹாரன் சத்தமெல்லாம் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பாசி படர்ந்த பாறைகள். கோலம் போல வரிவரியாக வாரி விட்ட வெள்ளை மணல். ஒரு மூங்கில் குழாய் தண்ணீர் நிறைந்ததும் தலை சாய்த்துக் கொட்டிவிட்டு, கல்லில் "டொக்" என்று முட்டி நிமிர்ந்தது. டீச்சருக்கு அந்த மூங்கிலின் மேல் மரியாதை வந்தது. எவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறது!

குளத்தங்கரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முழ நீளத்துக்கு மீன்கள். குழந்தைக்குப் பதில் இவைதான் என்று எண்ணிக்கொண்டு, குனிந்து, தன்னால் ஆன மட்டும் மெல்லிய குரலில், "சாப்ட்டியா செல்லம்?" என்றாள்.

மீன்கள் சிதறி ஓடின.

பச்சைச் சீருடை போட்ட காவலாளி பாலத்தின் மேல் தோன்றினான். ஒன்றும் பேசாமல் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனான்.

டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் தணித்துச் சொன்னாள். தவளை ஒன்று குதித்தது. காவலாளி மறுபடி வந்தான். இந்த முறை வாய்விட்டே, ஆனால் காற்று மாதிரி, கேட்டான்: "அம்மா, யார்கூட பேசறீங்க?"

"மீன்கூட," என்றாள் டீச்சர்.

"மீனுக்குக் காது கேக்கும்மா. கொஞ்சம் மெதுவா."

"மெதுவாத்தானே பேசறேன்!"

இது மூங்கிலுக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நாலு பேரின் கண்ணைத் திறந்தது. இன்னொரு தடவை சத்தம் கேட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று காவலாளி வாசல் பக்கம் கையைக் காட்டினான். டீச்சருக்கு மாணவர்களை மைதானத்தை விட்டு அனுப்பித்தான் பழக்கம். தன்னை ஒருவன் அனுப்புவதாகச் சொன்னது அவளுக்கு உறைத்தது.

பிறகு அவள் குரலை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. உதட்டுக்கு அந்தப் பக்கம் போகாதபடி, வெறும் மூச்சில் எழுத்தைத் தடவி அனுப்பினாள். தொண்டை அரித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. முதலில் ஒரு மீன் நின்றது. பிறகு இரண்டு. கடைசியில் "என் ராஜா... அத்தை வந்திருக்கேன்டா..." என்று சொன்னபோது ஏழெட்டு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றன. இரைக்காகத்தான் நின்றிருக்கும். ஆனால் டீச்சருக்கு ஒலிம்பிக்கில் மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் எழுந்து நடந்தவள், மர மண்டபத்துப் பக்கம் வந்ததும் நின்றாள். பெஞ்சில் கைப்பையைத் தலைக்கு வைத்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். டைலரக்கா!

'நூல் வாங்கறாங்களாம், நூல்!' டீச்சருக்கு உள்ளுக்குள் லட்டாக இனித்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட சம்பந்தியை எழுப்பி, அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று மெல்ல அடியெடுத்து வைத்தாள்.

அதற்குள் காவலாளி எதிர்ப்பக்கமாக வந்துவிட்டான். பெஞ்சில் படுக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம் போலிருக்கிறது. கையில் இருந்த மூங்கில் கம்பை நீட்டி, டைலரக்காவின் உள்ளங்காலைத் தட்டப் போனான்.

டீச்சர் யோசிக்கவே இல்லை. நம் வீட்டுப் பெண்ணை, சம்பந்தியை, எவனோ ஒருத்தன் கம்பால் தட்டுவதா?

"ஏய்! கம்ப எடு!"

மரத்திலிருந்த புறாவெல்லாம் ஒன்றாக எழும்பின. தியானக் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த புதுமாப்பிள்ளை பெண்டாட்டி கையை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். காவலாளி கம்பைக் கீழே போட்டுவிட்டு நேராக நிமிர்ந்து நின்றான். டைலரக்கா அலறிப் புடைத்து எழுந்து, "புள்ள அழுதா?" என்று கேட்டாள்.

இருவரையும் காவலாளி வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.  கதவைச் சாத்தும்போது டீச்சரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

வெளியே பஸ்ஸும் லாரியும் காதைப் பிய்த்தன. நிறுத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

"பல்லு டாக்டர் ஜப்பான் தோட்டத்துலதான் வைத்தியம் பாக்கறாரா சம்பந்தி?" என்றாள் டைலரக்கா.

"நூல் கடை பெஞ்சு மெத்துனு இருந்துதா சம்பந்தி?"

டைலரக்கா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் பொறுக்கமாட்டாமல் கொட்டினாள். "நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? உங்க கொறட்ட இருக்கே, எதிர் கட்டடத்துல ராத்திரி ஷிஃப்டும் ஆரம்பிச்சுட்டாங்கன்னுதான் நெனச்சேன். பகல்ல புள்ள, ராத்திரி நீங்க. அங்க உக்காந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல, கண்ணு சொருகிடுச்சு."

"ஏன், சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "நீங்க மட்டும் தங்கச்சிகிட்ட சொல்லலியா, என்னைத் தள்ளி இருக்கச் சொல்லி? என் காதால கேட்டேன்."

டைலரக்காவின் முகம் வெளிறியது. "அது... தூக்கமில்லாத வாய் சம்பந்தி. என்ன பேசுதுன்னு அதுக்கே தெரியல." டீச்சர் பக்கம் திரும்பி, "அதுக்கா இங்க வந்தீங்க?" என்றாள்.

"மெதுவாப் பேசப் பழகலாம்னு. குளத்து மீன்கிட்ட."

"மீன்கிட்டயா?"

"வேற யாரு நிக்கறா, நான் பேசினா?"

டைலரக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தூக்கம் கெட்டவர்களின் சிரிப்பு அது, நிறுத்த வராது. டீச்சரும் சேர்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து அவர்கள் பஸ் நிற்காமல் நகர்ந்துவிட்டது. டீச்சர் ஒரே ஒரு தடவை "நிறுத்து!" என்றாள். பஸ் நின்றது. பின்னால் வந்த இரண்டு ஆட்டோவும் நின்றன. "இந்தக் குரலப் போயி கெடுத்துக்கப் பாத்தீங்களே சம்பந்தி," என்றபடி டைலரக்கா ஏறினாள்.

வீட்டுக்குப் போனதும் டீச்சர் அவளை அறைக்குள் தள்ளி, ஃபேனை இரண்டில் வைத்து, கதவைச் சாத்தினாள். இனி ராத்திரியில் தான் கூடத்தில் பாய் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. தம்பி மனைவி ஓடி வருவதற்குள் டீச்சரே தூக்கிக்கொண்டாள்.

"என் ராஜா... அத்தைடா..." என்றாள், காலையில் படித்த பாடத்தை ஓர் எழுத்து பிசகாமல்.

பிள்ளை அவளைச் சந்தேகமாகப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு எப்போதும் போல வீறிட்டு அழுதது.

டீச்சர் விடவில்லை. தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். மூச்சுக் குரலிலேயே என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனாள். கபடி விதிகள், ரிலேயில் கட்டை மாற்றுகிற முறை, போன வருஷம் பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள். அவளுக்குத் தெரிந்த தாலாட்டு அவ்வளவுதான். அழுகை கேவலாகி, கேவல் விக்கலானது. அப்போது பிள்ளை நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டி, அத்தையின் கீழுதட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியிலேயே தூங்கிப்போனது.

"அக்கா, சாப்பிட வரியா?" என்று தம்பி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

அக்கா கையை மட்டும் அசைத்து அவனைப் போகச் சொன்னாள்.