தப்பு நம்பருக்கு ஒரு கடல்

பூட்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அலுவலகத்தார். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்கிற கம்பெனி அது. அங்கே இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் அவள்தான் காவல். யார் வீட்டிலிருந்து பென்டிரைவ் கொண்டுவந்து சொருகுகிறார்கள், யார் பிள்ளையின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்கள், யார் டீ குடிக்க எழுந்து போகும்போது திரையைப் பூட்டாமல் போகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் உத்தியோகம். பூட்டாத திரையைக் கண்டால் சும்மா விடமாட்டாள். அங்கேயே உட்கார்ந்து, அந்த ஆள் பெயரில் அலுவலகம் முழுவதற்கும் 'நாளைக்கு எல்லாருக்கும் டிபன் என் செலவு' என்று ஒரு மெயில் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அதே கம்பெனியில் கடல் செய்கிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மழை, புகை, தூசி, இடிந்து விழுகிற சுவர் எல்லாமே செய்வான். ஆனால் கடல் என்றால் அவனுக்கு உயிர். அக்காவுக்கோ அதில் சல்லிக்காசு மதிப்பு கிடையாது. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இது தினப்படி சண்டை.

"கடல் வேணும்னா கடலுக்குப் போய் எடுக்க வேண்டியதுதானே? ஒரு ஷெட்டுக்குள்ள பச்சைத் துணியைக் கட்டி, பலகையில ஆளை நிக்க வெச்சு, நாலு பேர் ஆட்டறாங்களாம். கேட்டா சினிமாவாம்!"

"போய் எடுக்கலாம்க்கா. டைரக்டர் இன்னொரு தடவைன்னு சொன்னா, போன அலை திரும்பி வருமா?"

"பொய்க்கு எத்தனை சமாதானம் பாரு."

"நீ மட்டும் என்னவாம்? நீ வெச்ச வைஃபை பாஸ்வேர்டை மாமாவாலயே போட முடியல. பாவம், பக்கத்து வீட்டு வைஃபைல படம் பாக்கறாரு."

இந்தச் சண்டைக்குள் மூன்றாவதாக மூக்கை நுழைக்கிறவர் முதலாளி. பென்சில் வாங்கினாலும் ரசீது கேட்பவர் என்பதால் அவருக்கு ரசீது என்றே பெயர். அவருக்குத் தம்பி மேல் ஒரு தீராத குறை. அவன் கடல் செய்வது இலவச மென்பொருளில். உலகம் முழுக்க யார் யாரோ கூடி எழுதி, வேண்டியவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது அது.

"ஓசியில வந்தது ஓசியாத்தான்பா இருக்கும். நாளைக்கு அது மக்கர் பண்ணினா நான் யார் சட்டையைப் பிடிக்கறது?"

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டக்கா தம்பி கட்சி. "காசு கொடுத்து வாங்கற பெட்டி மூடியிருக்கு சார். உள்ள என்ன இருக்குன்னு அவங்க சொன்னாத்தான் உண்டு. இது திறந்த பெட்டி. சந்தேகம்னா நானே எட்டிப் பாத்துக்குவேன்" என்பாள். ரசீது தலையை ஆட்டிக்கொண்டே போவார். ஒப்புக்கொண்ட ஆட்டம் அல்ல அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, தம்பிக்கு ஒரு மெயில் வந்தது. படத்தில் வானத்துக்குப் போட ஆயிரம் மேகங்கள், முற்றிலும் இலவசம். மேகம் என்றால் வாயைப் பிளக்கிறவன், அதை அமுக்கிவிட்டான். திரை ஒரு முறை சிமிட்டியது. அடுத்த நிமிடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அறையிலிருந்து பூட்டக்கா ஓடிவந்து, கேள்வி முறை இல்லாமல் நெட் வயரைப் பிடுங்கினாள்.

"அறிவிருக்காடா? எவனாவது மேகத்தை சும்மா கொடுப்பானா?"

"வானத்துல சும்மாத்தானேக்கா இருக்கு."

"வாயை மூடு. எல்லாத்தையும் சர்வர்ல சேமிச்சு வெச்சிருக்கியா?"

"ஆச்சுக்கா."

நோய் கண்ட கம்ப்யூட்டருக்கு அவளிடம் ஒரே வைத்தியம்தான். அடியோடு துடைத்துவிடுவாள். துடைத்தாள். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய் உட்காரக்கூட இல்லை, மேஜை போன் அடித்தது. அவன்தான். எது கெட்டாலும் அவன் கை முதலில் போவது அந்தப் போனுக்கு. "அக்கா, கொஞ்சம் வாயேன்" என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை.

விஷயம் இதுதான். சர்வரில் 'கடைசி' என்று ஒரு கோப்பு இருந்தது. 'கடைசியோ கடைசி' என்று இன்னொன்று இருந்தது. படத்தின் டைரக்டர் ஒரு பெண்; அந்த டைரக்டர் அம்மா பார்த்துக் கைதட்டிய கடல் இரண்டிலும் இல்லை. அது 'சத்தியமா இதுதான் கடைசி' என்ற கோப்பில் இருந்தது. அதை அவன் சர்வரில் வைக்காமல் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தான். அக்கா துடைத்தது அதையும் சேர்த்துத்தான்.

"வேற கடல் பண்ணிக்கோயேன். அதான் நிமிஷத்துக்கு ஒன்னு பண்றியே" என்றாள்.

"அது முடியாதுக்கா. அந்த அலைக்கு ஏத்த மாதிரி படகை ஆட்டியாச்சு. படகுக்கு ஏத்த மாதிரி ஹீரோவைச் சாய்ச்சாச்சு. ஒரு டீமே உக்காந்து பண்ணின வேலை. அலை மாறிச்சுன்னா அவன் தண்ணியில்லாத இடத்துல குடிகாரன் மாதிரி ஆடுவான்."

ரசீது வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டைரக்டர் சாயந்திரம் வருகிறார், கடல் இல்லையென்றால் படம் வேறு கம்பெனிக்குப் போகும், படம் போனால் ஓசிச் சாமானில் வேலை செய்கிறவனுக்கும் இங்கே இடமில்லை என்றார். "அழிச்சது நான் சார்" என்று பூட்டக்கா குறுக்கே வந்தாள். "நீ உன் கடமையைப் பண்ணினேம்மா. மேகத்தை அமுக்கினது அவன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வீடு வீடாக ஏறி இறங்கி, சொல்லிச் சிபாரிசு பிடித்து அவள்தான் தம்பியை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தாள். சேர்த்துவிட்ட கையாலேயே வெளியே தள்ளிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பழைய கோப்புக்கும் புதுசுக்கும் என்னடா வித்தியாசம்?"

"ஒன்னே ஒன்னுதான். காத்து, ஆழம், அலையோட உயரம் எல்லாம் அதேதான். ஒரு நம்பர் மட்டும் வேற."

"என்ன நம்பர்?"

அவன் காட்டினான். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டால், அந்த எண்ணை விதையாக வைத்துக்கொண்டு மென்பொருள் ஒரு கடலை முளைக்க வைக்கும். எண் மாறினால் கடல் மாறும். அன்றைக்கு டைரக்டர் அம்மா பின்னால் உட்கார்ந்து வேற காட்டு, வேற காட்டு என்று சொல்லச் சொல்ல, அவன் எதையெதையோ போட்டுக்கொண்டே போயிருக்கிறான். ஒன்று பிடித்துப்போனது.

"அது என்ன நம்பர்னு ஞாபகம் இல்லையா?"

"ஏதோ கைக்கு வந்ததைப் போட்டேன்க்கா."

பூட்டக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இது அவள் ஆடுகளம். "கைக்கு வந்ததைப் போடறவன் உலகத்துலயே கிடையாதுடா. எல்லாரும் தனக்குத் தெரிஞ்ச நம்பரைத்தான் போடுவான். அதை வெச்சுத்தானே திருடனும் பொழைக்கறான், நானும் பொழைக்கறேன்."

டைரக்டர் பார்த்த மாதிரிப் படம் ஒன்று, தியேட்டருக்கு ஆகாத பொடி அளவில், திரையிடும் அறையில் மிச்சமிருந்தது. அதன் முதல் காட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இடது ஓரத்தில் ஒரு பெரிய அலை, உச்சியில் நுரை பிய்ந்து, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நிற்கும். அதுதான் அடையாளம்.

முதலில் அவன் கல்யாண நாளைப் போடச் சொன்னாள். எந்த நாள் என்று அவன் அவளிடமே கேட்டான். தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். போட்டான். கொஞ்ச நேரம் திரை சாம்பலாக இருந்தது. அப்புறம் கடல் வந்தது.

பூட்டக்கா அதற்கு முன் இதை இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நீர் நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய அலையின் முதுகில் சின்ன அலைகள் ஏறி ஓடின. அதன் மேலும் நூலிழை மாதிரி சுருக்கங்கள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. தூரத்தில் ஓரிடம் மட்டும் வெளிச்சம் பட்டு அமைதியாகக் கிடந்தது.

"இது இல்லக்கா" என்றான் தம்பி.

"இது இல்லையா?" அவளுக்கு நம்ப முடியவில்லை. "அப்ப இது என்ன?"

"வேற ஒரு கடல்."

அவள் உலகத்தில் தப்பு எண்ணுக்கு ஒரே பதில்தான் உண்டு. சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று வரும், கதவு திறக்காது. இங்கே தப்பு எண்ணைப் போட்டதற்கு ஒரு முழுக் கடல் வந்து நின்றது. அவன் வண்டி எண்ணைப் போட்டார்கள். குறுகலான, கோபக்காரக் கடல். வீட்டுக் கதவு எண்ணுக்கு நீண்ட சோம்பேறி அலைகள் வந்தன. பிறந்த நாளுக்கு வந்த கடலில் இரண்டு அலைகள் எதிரெதிரே வந்து முட்டி, பேசி முடித்த மாதிரி ஒன்றாகிப் போயின. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும்போது அவளுக்கு மனசே இல்லை.

"இதெல்லாம் இவ்வளவு நாளும் எங்கடா இருந்துச்சு?"

"எங்கயும் இல்லக்கா. கணக்குலதான் இருக்கு. ஆனா இதே நம்பரை எப்ப போட்டாலும் இதே கடல்தான் வரும். ஒரு நுரை கூட மாறாது. நாம செத்த பிறகு எவனாவது போட்டாலும் இதேதான்."

அவளுக்குப் புல்லரித்தது. வெட்கமில்லாமல் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பொய் பொய் என்று இத்தனை நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. பொய்க்கு இத்தனை ஒழுங்கு இருக்குமா? எண்ணுக்கு ஒரு கடல் என்றால், எண்களுக்கு முடிவே இல்லையே! தலை சுற்றுகிற மாதிரி இருந்தது.

ஆனால் அவர்களுடைய கடல் வரவில்லை. தெரிந்த எண்களெல்லாம் தீர்ந்துபோயின. வெயில் சன்னலின் அடிக்கட்டைக்கு இறங்கிவிட்டது. கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பி எட்டிப் பார்த்தான்.

"அன்னைக்கு எப்படி உக்காந்திருந்தியோ அப்படியே உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான். வலது கையில் வரைகிற பேனா. அதைத் தூங்கும்போதுதான் கீழே வைப்பான். கீபோர்டைத் தொடுவதெல்லாம் இடது கை. அவள் கண் சுருங்கியது. இடது கை நகராமல் எட்டுவது ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான்.

"ஆறு, ஏழு, எட்டெல்லாம் இருக்காதுடா. நான் ஒரு மடச்சி, பிறந்த நாளைப் போய்த் தேடினேன் பாரு! இந்த அஞ்சுக்குள்ளதான் இருக்கு. அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு? யோசிச்சுச் சொல்லு."

"ஒன்னும் நடக்கல. மெஷின் நடுவுல அப்படியே நின்னு தொங்கிடுச்சு. டைரக்டர் அம்மா வாச்சைப் பாத்தாங்க. எனக்குப் பயம் வந்துடுச்சு. அது சரியானதும் அவசரத்துல எதையோ போட்டேன், அதுதான் பிடிச்சுப்போச்சு."

அவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தான். திரை சாம்பலாகி அப்படியே நின்றது. நகரவில்லை. நாள் முழுக்கக் கடல் சுமந்த மெஷின், இப்போதும் தொங்கிவிட்டது. அவன் கண் திரையிலேயே இருந்தது. இடது கை மட்டும் தானாக நகர்ந்து, பக்கத்திலிருந்த மேஜை போனை எடுத்து, நான்கு பொத்தானை அமுக்கியது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பூட்டக்காவின் காலி அறையில், போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்குடா போன் போடறே?"

"உனக்குத்தான். மெஷின் தொங்கிடுச்சுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவைப் பார்த்து அசடு வழிந்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் கையையே பார்த்தாள். இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று. அவள் மேஜை போன் எண், எல்லாமே அந்த ஐந்துக்குள்.

"அதைப் போடு" என்றாள்.

மெஷினை அணைத்து எழுப்பிப் போட்டான். திரை சாம்பலாயிற்று. பிறகு, ஏற்கெனவே பார்த்த முகம் கூட்டத்தில் தெரிகிற மாதிரி, இடது ஓரத்தில் அந்தப் பெரிய அலை எழுந்தது. உச்சியில் நுரை பிய்ந்தது. விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. விழுந்தது. பக்கத்தில் இருந்த மாதிரிப் படத்திலும் அதே கணத்தில் விழுந்தது. படகைக் கொண்டுவந்து வைத்தான் தம்பி. படகு அலையில் ஏறியது, ஹீரோ சாய்ந்தான், ஒரு மயிரிழை பிசகவில்லை. போன கடல் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

தம்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டான். பூட்டக்கா அவன் தலையில் கையை வைத்தாள். தெரிந்தவர்கள் ஊகிக்கிற எண்ணை வைக்காதே என்று அவள் இவனுக்குச் சொன்னதற்குக் கணக்கே கிடையாது. பயந்துபோன நேரத்தில் இவன் கைக்குத் தெரிந்த ஒரே எண் அக்காவுடையது. அதிலிருந்து இவ்வளவு பெரிய தண்ணீர் பிறந்திருக்கிறது.

சாயந்திரம் டைரக்டர் அம்மா வந்தார், பார்த்தார், அலை விழுகிற இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தார், சரி என்று சொல்லிப் போய்விட்டார். எதுவும் தொலைந்ததே அவருக்குத் தெரியாது. ரசீது மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

"இப்ப இந்தக் கடலுக்கு நாம யாருக்குக் காசு கட்டணும்?"

"யாருக்கும் வேண்டாம் சார்" என்றான் தம்பி.

அது அவருக்குச் செரிக்கவில்லை. திரையை இன்னொரு முறை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அலுவலகம் காலியாகத் தொடங்கியது. இந்நேரம் ஒவ்வொரு திரையாகப் பூட்டிக்கொண்டு போகிற பூட்டக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தம்பி பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"போலாமாக்கா? இனிமே யாரும் கண்டுபிடிக்க முடியாத நம்பராப் பாத்து வைக்கறேன், போதுமா?"

"அதெல்லாம் நாளைக்குப் பேசலாம். பையைக் கீழ வை." அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "ஒரு தப்பு நம்பர் போடு தம்பி, பாக்கலாம்."