எந்தப் படத்துப் பாட்டு

நான் சொல்லப்போகும் தீபாவளி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறா அறுபத்தேழா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மருதப்பன் அன்று போட்டிருந்த சட்டை கறுப்பு என்று நினைக்கிறேன், கருநீலமாகவும் இருந்திருக்கலாம். இத்தனை வருடத்தில் நினைவு சில இடங்களைத் தானாகவே பூசி மெழுகியிருக்கும். ஆனால் அவனுடைய கோபத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை.

பகலில் மருதப்பனுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. வேலை விட்டால் பாட்டு. ஐம்பதுகளின் நடுவில், மீசை அரும்பிய வயதில், சிராங்கூன் ரோட்டுக் கல்யாணங்களில் பாட ஆரம்பித்தவன். அந்த மேடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். மேலே படத்தின் பெயர், கீழே பாட்டின் முதல் வரி. படத்தின் பெயர் இல்லாமல் ஒரு சீட்டும் வராது. படம் இல்லாமலும் பாட்டு இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. வருடக்கணக்காக மருதப்பன் சினிமாவில் பாடிய மற்றவர்களின் குரலில் பாடினான். நன்றாகப் பாடிய நாட்களில், அச்சு அசல் அவரேதான் என்று தோளைத் தட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான். ஏன் என்று மனைவி பூவம்மாவுக்குத் தெரியும்.

பிறகு ஊரெங்கும் கிதார் வந்தது. மலாய்ப் பையன்களின் குழுக்களைப் பார்த்து அவனுடைய சிநேகிதன் ரவூபும் ஒன்று வாங்கினான். இருவரும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். ‘காத்தோங் கடலோரம் காத்திருக்கேன்’ என்று ஆரம்பிக்கும். வரிகள் மருதப்பனுடையவை. மெட்டில் பாதி ரவூபுடையது. சிராங்கூன் ரோட்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஹனீபா அதைத் தட்டாகப் போட்டார்.

பாட்டு பற்றிக்கொண்டது. சாப்பாட்டுக் கடையில், முடிவெட்டும் கடையில், துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குபவனின் வாயில், எங்கும் அதுதான். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: எந்தப் படம்? காத்தோங் என்று நம்மூர்க் கடற்கரையின் பெயர் வருகிறதே என்று யாராவது இழுத்தால், பக்கத்திலிருப்பவர் விளக்கம் சொல்லிவிடுவார். மெட்ராஸ்காரர்கள் இங்கே வந்து படம் எடுத்திருக்கிறார்கள், படம் இன்னும் வரவில்லை. முதலில் மருதப்பன் சிரித்தான். ஒரு கல்யாணத்தில் அவன் பாட்டையே கேட்டுச் சீட்டு வந்தது. மேலே ஏதோ ஒரு படத்தின் பெயர் எழுதியிருந்தது. அன்றோடு சிரிப்பு நின்றது.

ஹனீபா கடைக்குப் போய்ப் பார்த்தான். அவனுடைய தட்டு சினிமாப் பாட்டு வரிசையில் நின்றது.

“தனியா வெச்சா ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க தம்பி,” என்றார் ஹனீபா.

“அட்டையில என் பேரு இருக்கே பாய்.”

“இருக்கு. அதைப் பாத்துட்டு, இவரு மெட்ராஸ்ல புதுப் பாடகரான்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

“மருதப்பன்னு சொல்லுங்க. டோபி காட்ல குடியிருக்கான்னு சொல்லுங்க.”

ஹனீபா அட்டையைத் துடைத்துத் திரும்ப அதே வரிசையில் வைத்தார்.

அந்தத் தீபாவளிக்கு நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் ஹனீபா ஒரு கலைநிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். மெட்ராஸிலிருந்து ஒரு பாடகி வந்திருந்தாள். மருதப்பனும் ரவூபும் முதலில் பாட வேண்டும். எல்லாருக்கும் முன்னால், தன் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்லிப் பாடப்போகிறோம் என்ற ஒரே எண்ணத்தில் மருதப்பன் இருந்தான். மதிய ஒத்திகையில் ஹனீபா அவனை ஓரமாக அழைத்தார். அவன் இரண்டு சினிமாப் பாட்டுப் பாடினால் போதும். காத்தோங் பாட்டை அந்த அம்மா பாடுவார்கள். ஜனங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

“அது என் பாட்டு பாய்.”

“யாரு இல்லேன்னது? இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்கொடு லா.”

மருதப்பன் ரவூபைப் பார்த்தான். ரவூப் கிதாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

மாலையில் மருதப்பன் தன் இரண்டு பாட்டையும் பாடிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் திரையோரம் நின்றான். ஹனீபா ஒலிவாங்கியில், இதுவரை தட்டில் மட்டுமே கேட்ட பாட்டு, இப்போது நேரில், மெட்ராஸ் பாடகியின் குரலில் என்று அறிவித்தார். ரவூபின் கிதார் ஆரம்பித்தது. பாடகி கையில் ஒரு தாளுடன் பாடினாள். ‘மெரினாக் கரையோரம் காத்திருக்கேன்.’ காத்தோங் அவளுக்குத் தெரியாத ஊர். ஊருக்குத் திரும்பியும் பாட வேண்டுமே என்று யாரோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

மருதப்பன் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கினான். பாடகி பயந்து விலகினாள்.

“இந்தப் பாட்டு எந்தப் படத்துலயும் இல்ல,” என்றான். “நான் எழுதினது. நான் பாடினது. பத்து வருஷமா என் குரலை நீங்க கேட்டிருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா தெரியல?”

கூட்டத்தில் யாரோ, “தண்ணி போட்டிருக்கான் லா,” என்றார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. மருதப்பன் திரும்பி, “நீ சொல்லு,” என்றான். பாதி மெட்டுக்குச் சொந்தக்காரன் ரவூப். அவன் சொன்னால் போதும். பாடகியின் குழுவோடு மலாயா சுற்றுப்பயணத்துக்கு ஹனீபா அவனைச் சேர்த்திருந்தார் என்பது மருதப்பனுக்கு அப்போது தெரியாது. ரவூப் தலை நிமிரவில்லை.

மருதப்பன் ஒலிவாங்கியைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினான். முன்வரிசையில் இருந்த பூவம்மா எழுந்து அவன் பின்னால் வந்தாள். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

“பேசியிருக்க வேணாங்க. பாடியிருக்கலாம். பாடினா தெரிஞ்சிருக்கும்.”

அவன் பஸ் சீட்டை மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பாடகி ஊருக்குத் திரும்பிய பிறகு அவளைப் பற்றி இங்கே யாரும் கேள்விப்படவில்லை. ஹனீபாவின் கடை சில வருடங்களில் துணிக்கடையானது. அவர் மகன்கள் நடத்தினார்கள். ரவூப் ஒரு ஹோட்டலில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான், பிறகு ஜொகூரில் குடியேறி அங்கேயே இறந்தான். பூவம்மா எண்பத்தொன்றாம் வருடம் இறந்தாள். மருதப்பன் துறைமுகத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தான், ஈசூனில் மகள் வீட்டில் இருந்தான், பிறகு அவனும் போய்விட்டான். அந்த மேடைக்குப் பிறகு அவன் எங்கும் பாடவில்லை.