சாதித்தது: பிற்பகல் 3.12

1

இருந்தவர்கள் நால்வர். அம்மா, உள்ளறைக் கட்டிலின் கால்மாட்டில். கட்டிலில் மெத்தை இல்லை. சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அக்கா, கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல். அவளுடைய கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஜன்னலில் சாய்ந்தபடி. தம்பி, லிஃப்ட் மெக்கானிக், தரையில், அலமாரிக்கு முதுகைக் கொடுத்து. அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி அம்மா யாரோடு இருப்பது என்று பேசக் கூடியிருந்தார்கள்.

இவர்களை இப்படி உட்காரவைத்தது நான். கதை வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேருந்தில் எனக்கு முன் இருக்கைப் பெண் கைபேசியில் எதையோ விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தேன். யாரோ வீடியோ கேமில் வாங்கிய சாதனைகளின் பட்டியல். சின்னச் சின்னக் கேடயப் படம், பக்கத்தில் புள்ளி, தேதி, நேரம். ஒரு வரியில் விரல் நின்றது. அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. என் நிறுத்தம் வந்து இறங்கிவிட்டேன். கேம் பட்டியலைப் பார்த்து ஒருத்தி எதற்கு அழ வேண்டும்? அவளைத் தேடிப் போய்க் கேட்க முடியாது. ஆகவே ஒரு குடும்பத்தைக் கட்டிப் பார்த்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘தம்பி ஐயாயிரத்துச் சொச்சம் மணி நேரத்தை விளையாட்டில் தொலைத்தவன்.’ அடித்துவிட்டேன். தொலைத்தவன் என்று நான் சொன்னதுமே நீங்கள் தீர்ப்பை எழுதிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

இரண்டாவது: ‘அப்பா கூப்பிட்ட குரல் காதில் விழுந்தபோது

இதைப் பாதியில் விட்டேன். யார் காதில்? அது தெரிந்தால் கதையே வேண்டாமே.

எனவே நடந்ததை வரிசையாக வைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. தம்பி மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். பகலெல்லாம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது அவன் பாடு. இடையில் கிடைத்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து கேம் ஆடினான். அம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம். மதியம் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவாள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

ஒரு பிற்பகல் அப்பா தானாக எழப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். தலையில் அடி. மருத்துவமனையில் கண் திறக்காமலே போய்விட்டார். “மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா கீழ கிடக்கிறாரு” என்றான் தம்பி. கீழ்வீட்டம்மா சொன்னது வேறு மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு ஆலைச் சங்கு ஊதிய பிறகு, “தம்பி, தம்பி” என்று மேலே கொஞ்ச நேரம் குரல் கேட்டதாம். பிறகு தொம்மென்று ஒரு சத்தம். அப்பா மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

[கீழ்வீட்டம்மாவுக்கு இன்னொரு குரலும் கேட்டதாக ஒரு வரி எழுதியிருந்தேன். “இதோப்பா” என்று. எடுத்துவிட்டேன். அந்த ஒரு சொல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் எழுதிய கைக்கு அது மறக்கவில்லை.]

இதோடு நின்றிருந்தால் இரண்டு பேச்சு, எது சரியோ என்று போயிருக்கும். ஆனால் தம்பி பள்ளியில் படித்த காலத்தில் சொந்த மின்னஞ்சல் இல்லாததால், அக்காவுடையதைக் கொடுத்துத்தான் கேம் கணக்கைத் தொடங்கினான். பிறகு மாற்றவேயில்லை. அவன் எதைச் சாதித்தாலும் வாழ்த்து அக்காவுக்கு வரும். அவள் திறக்காமலே அழிப்பாள். அப்பா போன பிறகு ஒரு நாள், சேர்ந்துபோன குப்பையைக் கழித்துக்கொண்டிருந்தவள் ஒரு தேதியில் நின்றாள்.

‘வாழ்த்துகள்! நீங்கள் சாதித்துவிட்டீர்கள். நூறாவது எதிரி. 50 புள்ளிகள். சாதித்தது: பிற்பகல் 3.12.’

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊசி குத்திய நேரத்தைக் குழாயில் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிடமாட்டாள். நேரம் பிசகினால் முடிவும் பிசகும் என்று கைக்குப் பழகிவிட்டது. அப்பா விழுந்த நாள் அது. சங்குக்குப் பின் பன்னிரண்டு நிமிடம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட, வாழ்த்தின் அடியில் போட்டிருந்த மொத்த மணி நேரத்தை மட்டுமே சொன்னாள்.

3

இப்போது அந்த அறைக்குத் திரும்புவோம்.

“நீ எத்தன மணிக்குக் கடைக்குப் போன?” என்றாள் அக்கா.

“மறுபடியுமா? மூணுக்கு முன்னாடியே போயிட்டேன்னு எத்தன தடவ சொல்றது?”

“கேம் ஆடிட்டு இருக்கலையே?”

“இல்லக்கா.”

“எப்படிச் சாதிக்கிறான் பாரு” என்றார் கணவர். “மாப்ள, உன் கணக்குல அஞ்சாயிரம் மணி நேரத்துக்கு மேல போட்டிருக்காமே. அவ்வளவு நேரம் என் வண்டியில உக்காந்திருந்தா, பிரேக் எது கிளட்ச் எதுன்னு தெரியாதவன்கூட லைசென்ஸ் வாங்கியிருப்பான்.”

“அது ஆடின நேரம் இல்ல மாமா. ஓடின நேரம். நிறுத்தாம எழுந்து போனா அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். அப்பாவுக்குத் துணி மாத்தினது, ஊட்டினது எல்லாமே அதுல ஏறியிருக்கு.”

“ஆட்டமோ ஓட்டமோ, மீட்டர் ஏறியிருக்குல்ல?”

“என்ன சொல்றாரு மாப்பிள்ள?” என்று அம்மா காதைத் திருப்பினாள். “சத்தமாச் சொல்லச் சொல்லு.”

“அஞ்சாயிரம் மணி நேரம் கேம் ஆடியிருக்கான் அத்தை!” என்று கணவர் கத்தினார். அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்கும் ஓசை நின்றது.

அம்மா கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே யோசித்தாள். “அப்ப அத்தன நேரமும் வீட்டுலதான் இருந்திருக்கான்” என்றாள். “நீங்க ரெண்டு பேரும் எத்தன மணி நேரம் இருந்தீங்க? அதுக்கும் ஒரு மிஷின் வெச்சிருக்காங்களா?”

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். தம்பி தலையைக் குனிந்து மௌனம் சாதித்தான்.*

* இங்கே மொழி என் காலை வாரிவிட்டது. சாதனை என்ற சொல்லைக் கேம்தான் இந்தக் கதைக்குள் கொண்டுவந்தது. ஆனால் பொய்யை விடாமல் சொன்னாலும் சாதிக்கிறான் என்கிறோம். வாயே திறக்காவிட்டாலும் மௌனம் சாதிக்கிறான். யாரோ எப்போதோ செய்ததை மனதில் வைத்து நாளெல்லாம் குத்திக்கொண்டிருந்தால் அதுவும் சாதிப்பதுதான். முதல் மூன்றையும் தம்பிக்குக் கொடுத்திருக்கிறேன். நான்காவதை அக்கா இன்னும் கையில் எடுக்கவில்லை, பையில் வைத்திருக்கிறாள்.

கிளம்பும்போது அம்மாதான் வழி சொன்னாள். “நீ ஊருக்குப் போய் யோசிச்சு ஒரு லெட்டர் போடு. என் கண்ணுக்கு எழுத்து தெரியறதில்ல. தம்பி படிச்சுச் சொல்லுவான். இப்படிக் கூடிப் பேசினா எனக்குப் பாதி கேக்கல. மீதியக் கேக்கப் பிடிக்கல.”

4

இங்கே நின்றுபோனேன். பல நாள்.

நின்றதற்குக் காரணம் தம்பி அல்ல, கேம். ‘நூறாவது எதிரி’ என்று நான் யோசிக்காமல் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். துப்பாக்கியால் சுடும் விளையாட்டு. காதை மூடும் ஹெட்போன், கையில் கருவி. ஆள் உட்காராமல் நூறாவது எதிரி சாகமாட்டான். அப்படியென்றால் 3.12-க்குத் தம்பி கூடத்தில்தான் இருந்தான்; மருந்துக் கடை பொய். ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்த அவசரத்தில் ஒருவனைத் தூக்கில் போட்டிருக்கிறேன்.

மாற்றிப் பார்த்தேன். தீவில் ஊர் கட்டும் விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் கட்டச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினால், அது அரை மணி நேரம் தானாகக் கட்டிக்கொண்டிருக்கும். முடிந்ததும் கேடயம், புள்ளி, வாழ்த்து. எதிரில் ஆள் இருக்க வேண்டிய அவசியமில்லை. இப்போது ‘நூறாவது பாலம்’ காலியான கூடத்தில்கூட முடிந்திருக்கலாம்.

துப்பாக்கி என்றால் குற்றவாளி. பாலம் என்றால் யாருக்கும் தெரியாது. நான் பாலத்தை எடுத்துக்கொள்கிறேன். மேலே போய்த் திருத்தவில்லை, நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். இரக்கத்தால் செய்ததாக எண்ண வேண்டாம். குற்றம் உறுதியானால் அக்காவுக்குக் கோபம் மட்டும் போதும். அவளை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனமில்லை.

(மருந்துக் கடை ரசீது ஒன்றை அலமாரியில் வைத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுமே என்கிறீர்களா? தெரியும். வைக்கமாட்டேன்.)

5

அக்காவுக்குப் பாலமும் தெரியாது, பண்ணையும் தெரியாது. ஆனால் ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் மறுபடி சோதித்துப் பார்க்கத் தெரியும். அதே விளையாட்டைத் தன் கைபேசியில் இறக்கினாள். ஒரு சின்னப் பாலத்தைத் தொடங்கிவிட்டு, கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தபோது பாலம் முடிந்திருந்தது. ‘வாழ்த்துகள்!’

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஒரு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். முடித்தும் வைத்தேன். ‘அக்கா நிம்மதியாக

இல்லை. அவள் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த பாலத்தைத் தொடங்கினாள். அதற்குக் கல் போதவில்லை. கல் வெட்ட ஆள் அனுப்பினாள். ஆளுக்குக் குடிசை வேண்டும். குடிசைக்கு மரம். மரம் பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார். இடுப்புப் பிடிப்பில் இரண்டு நாளாகப் படுக்கையில் இருந்தார்.

“ஏம்மா, கொஞ்சம் வாயேன்.”

அவளுக்கு நன்றாகக் கேட்டது.

“இதோ” என்றாள்.

மரம் வெட்டி முடிந்தது. குடிசை எழும்பியது. “உன்னத்தான்” என்றார் அவர். “இதோ வந்துட்டேன்” என்றாள். வந்துவிட்டதாக அவளே நம்பினாள். எழவில்லை. மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. அந்த அமைதிதான் அவளை நிமிர வைத்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்று, கை எட்டாத தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காது கேக்கலையா?” என்றார்.

“கேக்கல” என்றாள் அக்கா.

கூடத்துக்கு வந்து விளையாட்டை அழித்தாள். இத்தனை நாளும் அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அவன் வீட்டில் இருந்தானா இல்லையா என்பதுதான். கேட்டிருக்குமா என்று அவள் நின்று யோசித்ததேயில்லை. இருந்திருந்தால் ஹெட்போன் மாட்டியிருப்பான், கேட்டிருக்காது, பாவம் என்று ஒரு மூலையில் மன்னிப்பை எடுத்து வைத்திருந்தாள். கேட்டும் உட்கார்ந்திருக்க முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதற்குக் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இதில் எது அதிகம் வலித்தது என்று எழுத இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன்.

6

மறுநாள் வேலை முடிந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தாள். மூன்று கடிதங்கள் எழுதினாள். மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில் 3.12 இருந்தது, கூடவே ‘அவனை நம்பி இனி உன்னை விடமாட்டேன்’ என்று இருந்தது. கிழித்தாள். இரண்டாவதில் ‘அம்மா, நீ தம்பியோடயே இரு’ என்று ஒரே வரி. அதையும் கிழித்தாள். அந்த வரியை அனுப்பினால், அம்மா சாகும்வரை அந்த வீட்டில் ஒவ்வொரு மதியமும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவாள். கூப்பிட வேண்டிய நாள் அவளுக்கும் வரும்.

மூன்றாவதை அப்படியே தருகிறேன்.

‘அம்மாவுக்கு, நலம். அங்கு நலமறிய ஆவல். நீ என்னோடு வரலாம், தம்பியோடும் இருக்கலாம். முடிவு உன்னுடையது. அதற்கு முன் நீ ஒன்றைக் கேட்டாக வேண்டும். அப்பா கூப்பிட்ட நேரத்தில், மூன்று பன்னிரண்டுக்கு, தம்பியின் விளையாட்டு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதன் எதிரில் இருந்தானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். இருந்திருந்தால் அவனை நான் வெறுக்கப்போவதில்லை. அந்த இடத்தில் நானும் எழாமல் இருந்திருக்கக்கூடும். ஆனால் இது தெரியாமல் நீ அங்கே இருக்கக் கூடாது. இதைப் படித்து முடித்ததும் அவனே உனக்குச் சொல்லட்டும். கேட்ட பிறகு யாரோடு இருக்கிறாய் என்று எனக்கு எழுதச் சொல்.’

உறையின் மேல் அம்மாவின் பெயர். ஆனால் பிரிக்கப்போவது தம்பி. கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் காதருகே உரக்கப் படிக்கப்போவதும் அவன்தான். ‘முடிவு உன்னுடையது’ என்பதிலிருந்து கடைசி வரிக்குத் தாவிவிட்டால், அம்மாவுக்கு ஒரு நாளும் தெரியப்போவதில்லை. அக்காவுக்கும் தெரியாது. ‘அம்மா இங்கேயே இருக்கிறாள்’ என்று பதில் வந்தால், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இருக்கிறாளா, எதையுமே கேட்காமல் இருக்கிறாளா? பதில் எப்படி வந்தாலும் அவன் கையெழுத்தில்தான் வரும்.

முழுதும் படித்து, நிறுத்தி, “நான் கடைக்குத்தாம்மா போயிருந்தேன்” என்று அவன் சொல்லும் முடிவு ஒன்று எழுதினேன். “கேட்டுச்சும்மா” என்று சொல்லும் முடிவும் எழுதினேன். இரண்டிலும் அம்மா ஒரே மாதிரி அவன் தலையில் கை வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, இரண்டையும் எடுத்துவிட்டேன்.

ஆகவே தாளை உங்களிடம் தருகிறேன். தம்பியின் இடத்தில் உட்காருங்கள். உரக்கப் படியுங்கள். எந்த வரியில் உங்கள் குரல் தானாகத் தாவுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

அக்கா தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தினாள். அஞ்சலகத்தில் சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் எடை பார்த்துவிட்டு, “ரிஜிஸ்டர் போடணுமா, சாதாரணமா? ரிஜிஸ்டர்னா வாங்கினவங்க கையெழுத்து போட்டது உங்களுக்கு வந்துடும்” என்றார்.

அக்கா யோசித்தாள். பின்னால் நின்றவர் கனைத்தார்.

“சாதாரணமே போதும்” என்றாள்.

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, பார்க்காமலே உறையைப் பின்பக்கமாகச் சாக்குக்குள் எறிந்தார்.