ராகுகாலம் கழித்து ஓடவிட்ட கேம்

சனிக்கிழமைகளில் ராகுகாலம் பத்தரைக்குத்தான் முடியும். அதற்கு முன் கேமைத் தொடங்கக் கூடாது என்று தாரிகா ஒற்றைக் காலில் நின்றாள். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் நிப்லாவின் ஃப்ளாட்டில், கூடைப்பந்து டீம் முழுவதும் டிவிக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிப்லாவுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஆனாலும் அவள்தான் கேப்டன், ஆட்களை அனுசரித்துப் போகவேண்டியவள்.

"கம்ப்யூட்டருக்கும் ராகுகாலமா? பரவாயில்லை, ரோல்ஸ் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜீவராணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாளை கொட்டாஞ்சேனைப் பெண்களோடு இறுதிப் போட்டி. அதில் இறங்கப்போகும் ஐந்து பேர் யார் என்பதை இன்றைக்கு இந்தக் கேம்தான் சொல்லப்போகிறது.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போன நிப்லாவின் தம்பி, டிவியோடு பொருத்தும் கறுப்புப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போன கேம் அது. உண்மையான ஆட்களின் படத்தைப் போட்டு, ஓட்டம், பாய்ச்சல், குறி, மூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தால், அவர்களையே உள்ளே இறக்கிவிடலாம். காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்க்கும் தாரிகா, பழைய மட்ச் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இரண்டு டீமுக்கும் புள்ளி போட்டிருந்தாள். பிறகு யாரும் கை வைக்கத் தேவையில்லை. பொத்தானை அமத்திவிட்டால் இரண்டு பக்கத்தையும் அதுவே விளையாடும். அரையிறுதிக்கு முன் சும்மா பகிடிக்கு ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆறு புள்ளியால் வெற்றி என்றது. மறுநாள் சொல்லி வைத்தமாதிரி ஆறு புள்ளியால் வென்றார்கள். அன்றிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டி அவர்களுக்குச் சாதகக் குறிப்பு மாதிரி ஆகிவிட்டது.

ஜீவராணி பிள்ளை பிறந்து ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தவள். காலையில் வெளிக்கிடும்போது புருஷன் ராகுலனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்: "நாளைக்கு என்னை இறக்கேல்லை எண்டா அந்தச் சப்பாத்தை ஆருக்காவது குடுத்திடுங்கோ. இனி விளையாட்டு இல்லை." அவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

பத்தரை அடித்தது. நிப்லா பொத்தானை அமத்தினாள்.

ஜீவராணி தன் பயத்தை அந்த நிமிடமே மறந்துபோனாள். அப்படி ஒரு காட்சி! பலகைத் தரையில் ஒவ்வொருத்தியின் நிழலும் அவளோடேயே ஓடியது. கழுத்தில் வேர்வை மினுங்கியது. பந்து விழுந்த பிறகும் வலை கொஞ்சநேரம் ஆடி அடங்கியது. நிப்லா தோளைச் சரித்து வெட்டி ஓடுவது நிப்லாவேதான். எட்டாம் இலக்கச் சட்டையில் ஜீவராணியும் ஓடினாள். எறிவதற்கு முன் சட்டைத் தோளை ஒருதரம் இழுத்துவிட்டாள்.

"ஐயோ, நான் அப்பிடியே செய்யிறனான்?"

"ஓமடி, ஒவ்வொரு தரமும். பழக்கங்கள் எண்ட பக்கத்துக்குள்ள தேடிப் பிடிச்சுப் போட்டனான்" என்றாள் தாரிகா பெருமையாக.

பிழைகளும் இருந்தன. கட்டையான தாரிகாவின் உயரத்தை அந்தக் கேம் ஏற்கவே மாட்டேன் என்றதால், அதற்குள் அவள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வர்ணனைக்காரனுக்கு எவளுடைய பெயரும் வாயில் நுழையவில்லை, இலக்கத்தைச் சொல்லியே காலத்தை ஓட்டினான். இதையெல்லாம் யார் பொருட்படுத்தினார்கள்? மனிதன் இப்படியும் ஒன்றைச் செய்வானா என்று ஜீவராணி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்கிய ஆட்டத்தில் தோல்வி. திரும்ப ஓடவிட்டார்கள், அதுவும் தோல்வி. மூன்றாம் கால்பகுதி வந்ததும் திரையில் இருந்த ஜீவராணி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த ஜீவராணி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அது பொய்யில்லை. அந்த இடத்தில் அவளுக்குக் கால் விட்டுப்போவது அவளுக்கே தெரியும்.

அவளை பெஞ்சில் இருத்திவிட்டு ஓடவிட்டார்கள். நாலு புள்ளியால் வெற்றி. யாரும் கை தட்டவில்லை.

நிப்லா மெதுவாக, "ஜீவா, கோவிக்காதீங்க..." என்று இழுத்தாள்.

"அது சரியாத்தானே சொல்லுது" என்றாள் ஜீவராணி. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று ரோல்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

போட்டி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அசல் ராகுகாலத்தில். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. கொட்டாஞ்சேனைக் கோர்ட் வெடித்த சீமெந்துத் தரை. மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ்கள் ஹார்ன் அடித்தன. பக்கத்து மாதா கோயில் ஸ்பீக்கரில் செபம் போய்க்கொண்டிருந்தது. ஜீவராணி சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டி, வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ராகுலன் மதிலோரம் நின்றான்.

தொடக்கத்திலேயே எல்லாம் குழம்பியது. கொட்டாஞ்சேனைக்காரிகளுக்கு ஒரு வித்தை இருந்தது. பந்தைத் துரத்துகிறவளின் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சத்தமில்லாமல் வந்து மதில்மாதிரி நின்றுவிடுவாள். திரும்பி ஓடப்போனவள் அவளில் மோதி நிற்க, அதற்குள் பந்து கூடைக்குள் போயிருக்கும். தாரிகா இரண்டு தரம் மோதி விழுந்தாள். இடைவேளைக்குள் ஒன்பது புள்ளி பின்னால்.

'கேம் வெல்லும் எண்டுதானே சொன்னது, வெல்லுவினம்' என்று ஜீவராணி தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அவளைத் தள்ளிவைத்த அதே பெட்டியை அவளும் நம்பினாள்.

மூன்றாம் கால்பகுதியில் தாரிகாவின் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் ஒருத்தி வந்து நிற்பதை ஜீவராணி கண்டாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"தாரிகா! பின்னால ஆள்! இடப்பக்கத்தால வா!"

பாலர் பாடசாலையில் நாற்பது வாண்டுகளை அடக்கி வைத்திருக்கும் தொண்டை அது. பஸ் ஹார்ன், செபம் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு போனது. தாரிகா திரும்பிப் பார்க்கவுமில்லை. குரல் சொன்ன பக்கம் வெட்டி ஓடிப் பந்தைத் தட்டிப் பறித்தாள்.

பிறகு அந்த வாயை யார் மூடுவது? யார் எங்கே வருகிறாள், யார் தனியே நிற்கிறாள் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆளுக்கொரு திசையில் ஓடிய டீம் ஒரே ஆளாக அசையத் தொடங்கியது. கொட்டாஞ்சேனைக் கேப்டன் நடுவரிடம் முறையிட்டாள். "பெஞ்ச்ல இருக்கிறவைக்கு வாய்ப்பூட்டுப் போடச் சட்டம் இல்லை, தங்கச்சி" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

புள்ளிகள் சமமானபோது நிப்லா ஓடி வந்தாள். "ஜீவா, வாங்க உள்ளுக்கு."

"கேம் என்னை வேண்டாம் எண்டெல்லோ சொன்னது?"

"கேமுக்குக் காது இல்ல. வாங்க!"

கடைசி நிமிடங்கள் அவள் ஆடினாள். கேம் சொன்னது பிழையில்லை. கால் விட்டுப்போனது, யாரும் மறிக்காமல் கிடைத்த ஒரு பந்தைக் கூடைக்குக் கிட்டவும் எறிய முடியவில்லை. ஆனால் தொண்டை விட்டுப்போகவில்லை. நாலு புள்ளியால் வென்றார்கள்.

"நாலு! அது சொன்ன அதே நாலு!" என்று தாரிகா துள்ளினாள்.

மதிலோரம் போன ஜீவராணியிடம், "அப்ப சப்பாத்து?" என்று கேட்டான் ராகுலன்.

"நாளைக்குக் கழுவி வெயில்ல வைக்கவேணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அழுகை வந்தேவிட்டது.

அந்த வேர்வையோடேயே எல்லோரும் நிப்லாவின் ஃப்ளாட்டுக்குப் போனார்கள். புள்ளி போடும் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தேடினார்கள். துணிச்சலுக்குக்கூட ஒரு இடம் இருந்தது, குரலுக்கு இல்லை. அத்தனை அழகாக ஓடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசாமலே விளையாடுகிறார்கள் என்பதை ஒருத்தியும் அதுவரை கவனிக்கவில்லை. வேர்வையைக்கூட விடாமல் செய்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று ஜீவராணி ஆச்சரியப்பட்டாள்.

"நேற்று நான் பெஞ்ச்ல இருக்க வென்ற மட்சை இன்னொருக்காப் போடு" என்றாள். கேம் அதைப் பதிந்து வைத்திருந்தது.

இந்த முறை அவள் பந்தைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தாள். மூன்றாம் கால்பகுதி வந்தது. மற்றவர்கள் அப்படியே இருக்க, எட்டாம் இலக்கச் சட்டைக்காரி மட்டும் எழும்பினாள். ஜீவராணியின் முகம். இரண்டு கையையும் வாயில் குவித்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"தாரிகா, இது நீ போட்டதோ?"

"அம்மாவாணை இல்லை. பெஞ்ச்ல இருக்கிறவைக்கு ஒண்டுமே போடேலாதடி."

ஜீவராணி திரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தாள். நேற்று இதே ஆட்டத்தில், இதே கட்டத்தில் அவள் கோர்ட்டை மட்டும் பார்த்து மனம் நொந்துகொண்டிருக்க, மூலையில் ஒருத்தி தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டிக்குத் தெரிந்திருந்ததா, தற்செயலா? கேட்க ஆளில்லை. திரையில் அந்த வாய் மறுபடி திறந்தது. அது பாவம் ஊமையாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜீவராணி அடித்தொண்டையால் கத்தினாள்.

"தாரிகா! பின்னால ஆள்!"

திரையில் இருந்த தாரிகா திரும்பினாள்.